555 நோட்டிலிருந்து ஓர் ஆப்

மலேசியாவில் கடனுக்கு ஓர் எண் உண்டு: 555. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன நோட்டு, அட்டையில் அந்த மூன்று ஐந்துகள். மளிகைக் கடைக்காரர் கல்லாவுக்குப் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்றாக ஒரு கட்டு வைத்திருப்பார். அரிசி, பருப்பு, நெத்திலி, மண்ணெண்ணெய், பால் டின் என்று மாதம் முழுக்க வரிகள் ஏறிக்கொண்டே போகும். சம்பளம் போட்ட அன்று கூட்டிப் பார்த்து, கட்டியதற்குக் குறுக்கே ஒரு கோடு. முழுதும் கட்ட முடியாத மாதத்தில் மீதி, அடுத்த பக்கத்தின் முதல் வரியாக உட்கார்ந்துகொள்ளும்.

நான் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள். அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போவார். கடை நோட்டைக் கூட்டிச் சரிபார்ப்பது வீட்டில் என் வேலை. இப்போது ஈப்போவில் மோட்டார் உதிரிபாகக் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன், குடியிருப்பது புந்தோங்கில். சனிக்கிழமை மாலைகளில் கோயில் மண்டபத்தை ஒட்டிய அறையில் சில இளைஞர்கள் மடிக்கணினியோடு கூடுவார்கள். தொழிற்சாலையில் வேலை செய்யும் இருவர், உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண், ஹோட்டல் சமையலறையில் இருக்கும் ஒரு பையன். சம்பளம் எங்கே போகிறது என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். அதைப் படமாகக் காட்டும் ஆப் ஒன்றைத் தாங்களே எழுத வேண்டும் என்பது ஆசை. இதற்கு முன் யாரும் ஆப் எழுதியதில்லை. நிரல் அவர்கள் பாடு, கணக்கு என் பாடு என்று பிரித்துக்கொண்டோம்.

ஆயிரம் ஆப்கள் இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் மின்ட் கதையைச் சொல்வேன். 2007-இல் அமெரிக்காவில் வெளிவந்து, வீட்டுக் கணக்கு ஆப் என்றாலே அதுதான் என்று பேர் வாங்கியது மின்ட். 2009-இல் இன்டியூட் நிறுவனம் அதைச் சுமார் 17 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-இல் மூடிவிட்டது. பல வருடக் கணக்கை அதில் வைத்திருந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நம் ஊர் வங்கி ஆப்களும் இப்போது செலவைப் படம் போட்டுக் காட்டத்தான் செய்கின்றன. ஆனால் ஒரு வங்கிக்குத் தன் கணக்கில் நடப்பதுதான் தெரியும். பசார் மாலாமில் கொடுத்த பத்து வெள்ளியும், தங்கச்சிக்குக் கைமாற்றாகக் கொடுத்த ஐம்பதும் அதற்குத் தெரியாது.

ஆப் என்றால் மாயம் ஒன்றுமில்லை. மூன்று பாகம்: எழுதிக்கொள்ளும் இடம், சேர்த்து வைக்கும் இடம், படம் வரையும் இடம். இதில் இளைஞர்களுக்கு மூன்றாவதன் மேல்தான் கண். வண்ண வண்ணமாக ஒரு வட்டம் சுழல வேண்டும் அவர்களுக்கு. நான் முதல் மாதம் நிரல் எழுதவே விடவில்லை. கூகுள் தாளில் ஐந்து பத்திகள் போட்டு, போனிலேயே எழுதுங்கள் என்றேன்: தேதி, தொகை, எதற்கு, யாரிடம், எப்படிக் கட்டினோம். முனகிக்கொண்டேதான் எழுதினார்கள். ஆனால் ஆப் எழுதும்போது வரப்போகும் சண்டைகள் எல்லாம் அந்த ஒரு மாதத்திலேயே வந்து முடிந்தன.

முதல் சண்டை வகைகளைப் பற்றி. பையன் ஒருவன் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு, நொடியில் ஒரு நிரலை வாங்கி வந்துவிட்டான். ஓடவும் செய்தது. அதில் வாடகை, மளிகை, போக்குவரத்து, பொழுதுபோக்கு, மற்றவை என்று ஐந்து வகைகள். தொகைக்கு முன்னால் டாலர் குறி. குறியை மாற்றுவது ஒரு வரி வேலை. ஆனால் கல்யாண மொய் எந்த வகை? தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலில் எடுக்கும் பால்குடத்துக்கு ஆகும் செலவு பொழுதுபோக்கா? அம்மாவுக்கு மாதாமாதம் கொடுக்கும் இருநூறு வெள்ளி?

கடைசியில் பலகையில் எழுதி முடித்த பட்டியல் வேறு மாதிரி இருந்தது. பசியாறல் தனி வகை. காலையில் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரேயும் ஆகிற செலவு, வீட்டு மளிகையோடு சேர்ந்தால் கண்ணுக்கே தெரியாது. மோட்டாருக்கு எண்ணெய், மோட்டாருக்கு ரிப்பேர் இரண்டும் தனித்தனி. வீட்டுக்குக் கொடுப்பது. நல்லது கெட்டது என்று ஒரு வகை. மொய்யும் சாவு வீட்டுக்குக் கொடுப்பதும் அதற்குள். கோயில். போன். தெனாகா, தண்ணீர், ஆஸ்ட்ரோ மூன்றும் ஒன்றாக. இந்தப் பட்டியலை வேறு எந்த ஆப்பும் தந்திருக்காது. சொந்தமாக எழுதுவதில் இருக்கும் லாபத்தில் பாதி இதுதான் என்பேன். உங்கள் வீட்டில் பட்டியல் வேறாக இருக்கும், இருக்க வேண்டும்.

இரண்டாவது சண்டை, எது செலவு என்பது. டச் அன் கோ வாலட்டில் நூறு வெள்ளி ஏற்றினால் அது செலவா? ஏற்றியதையும் எழுதி, அதிலிருந்து சாப்பாட்டுக்குக் கொடுத்ததையும் எழுதினால் ஒரே நூறு இரண்டு முறை போனதாகக் காட்டும். மெஷினில் பணம் எடுப்பதும் அப்படித்தான். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே எங்கள் தாளில் ‘மாற்று’ என்று ஒரு குறி வந்தது. அந்தக் குறி உள்ள வரியைப் படம் வரையும் பாகம் தொடாது. கணக்குப் படித்தவர்களுக்கு இது பால பாடம். ஆனால் புதிதாக ஆப் எழுதுகிறவர்களிடம் தொகை ஏறிப்போவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

கூட்டு, அதாவது மாதச் சீட்டு, இதைவிடச் சிக்கல். கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்திருக்கிறது. ஆனாலும் தாமான்களில் அது நின்றபாடில்லை. இதில் சேராதீர்கள் என்று சொன்னேன். ஏற்கெனவே வீட்டில் கட்டிக்கொண்டிருப்பதை எப்படி எழுதுவது என்று அந்தப் பெண் கேட்டாள். நம் முறை வரும்வரை கட்டுகிற ஒவ்வொரு காசும் நமக்கு வரவேண்டிய பணம். தொகையை எடுத்த மறுநாளிலிருந்து கட்டுவதெல்லாம் கடன் அடைப்பது. ஒரே நூறு வெள்ளி, மாதத்தைப் பொறுத்து இரண்டு பக்கத்தில் விழும். அவள் அதை நிரலில் கொண்டுவந்த விதம் எனக்குப் பிடித்தது. வகை என்ற பத்தியோடு ‘திசை’ என்று இன்னொன்றைச் சேர்த்துவிட்டாள்: போனது, வரவேண்டியது, அடைத்தது.

அதே திசைப் பத்திதான் 555-க்கும் உதவியது. தோட்டங்கள் போய்விட்டன, லயத்து வீடுகள் இருந்த இடத்தில் தாமான் எழும்பிவிட்டது, கடன் மட்டும் போனுக்குள் குடிவந்திருக்கிறது. இப்போது வாங்கு, பிறகு கட்டு என்று ஒவ்வொரு இணையக் கடையும் கூப்பிடுகிறது. வாங்கியது மார்ச்சில், கட்டுவது ஏப்ரல், மே, ஜூனில். சாதாரண ஆப்பில் ஒரு வரிக்கு ஒரு தேதிதான். பழைய நோட்டில் இரண்டு தேதி இருந்தது: எழுதிய நாள், கோடு போட்ட நாள். இளைஞர்களிடம் நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியது அந்த இரண்டாவது தேதியைத்தான். கட்டாத வரிகளை மட்டும் கூட்டி, படத்துக்கு மேலே ஓர் எண்ணாகக் காட்டச் சொன்னேன். ஆப்பைத் திறந்ததும் வண்ணத்துக்கு முன் அந்த எண் தெரிய வேண்டும். ‘ஆன்ட்டி, இது பயமுறுத்துது’ என்றான் சமையலறைப் பையன். மளிகைக் கடைக்காரர் முகம் அப்படித்தான் இருந்தது என்றேன்.

இனி எண்களைச் சேர்த்து வைக்கிற பாகம். இங்கே புதியவர்களுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. கணினி தசமத்தை நாம் நினைப்பதுபோல் வைத்துக்கொள்வதில்லை. ஜாவாஸ்கிரிப்டிலோ பைத்தானிலோ 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். இரண்டின் அடுக்குகளில் எண்ணும் இயந்திரத்துக்குப் பத்தில் ஒன்று என்பது முடிவில்லாத பின்னம். ஒரு வரியில் தெரியாது. வருடக் கணக்கில் ஒரு சென் இடித்துக்கொண்டு நிற்கும். தீர்வு எளிது. வெள்ளியில் வைக்காதீர்கள், சென்னில் வையுங்கள். 12 வெள்ளி 45 சென் என்பது 1245. முழு எண்ணாகவே கூட்டி, திரையில் காட்டும்போது மட்டும் நூறால் வகுங்கள்.

அந்த 45-ஐப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2008 ஏப்ரல் முதல் நம் நாட்டில் ரொக்கமாகக் கட்டும் பில்லை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குக் கூட்டியோ குறைத்தோ வாங்குகிறார்கள். பில்லில் 12.43 இருந்தால் கையில் கொடுப்பது 12.45, கார்டில் தட்டினால் 12.43-தான். ஆகவே பில்லைப் பார்த்து எழுதாமல், கொடுத்ததைப் பார்த்து எழுத வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் மாத முடிவில் பையில் இருப்பதும் ஆப் சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் புதியவர்கள் ஆப்பையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

எங்கே சேமிப்பது என்பதில் அவர்கள் எடுத்த வழி, உலாவியில் ஓடும் ஒரு வலைப்பக்கம். எந்த போனிலும் ஓடும், ஆப் கடையில் போட்டு அனுமதி வாங்க வேண்டியதில்லை. தரவு போனை விட்டு வெளியே போகாது. ஆனால் உலாவியின் வரலாற்றைத் துடைக்கும்போது அதுவும் சேர்ந்து துடைபடலாம். ஐபோனின் சஃபாரியில் ஒரு பக்கத்தை ஏழு நாள் தொடாமலே உலாவியைப் பயன்படுத்திவந்தால், அந்தப் பக்கம் எழுதி வைத்ததை அதுவே அழித்துவிடும். முகப்புத் திரையில் ஆப்பாகச் சேர்த்துக்கொண்டால் தப்பலாம். ஆகவே வாரம் ஒரு முறை முழுக் கணக்கையும் வெறும் எழுத்துக் கோப்பாக இறக்கி வைக்கும் பொத்தான் ஒன்று, முதல் நாளிலேயே எழுதப்பட்டது. மின்ட் கதை கேட்டவர்கள் அல்லவா. வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். கையால் எழுதுவது தொல்லைதான். ஆனால் ஒட்டுக்கடை வாசலில் நின்றுகொண்டு 850 என்று விரலால் அடிக்கிற அந்த நொடியில்தான் எட்டரை வெள்ளி என்பது மண்டையில் ஏறுகிறது. தானாக இறங்கும் கணக்கில் இது நடப்பதில்லை.

பிறகுதான் படம். எல்லா ஆப்பும் முதலில் காட்டுவது வட்டத்தை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர் 1801-இல் வெளியிட்ட புத்தகத்தில் வந்தது அந்த வடிவம். அதே மனிதர் 1786-லேயே பட்டை வரைபடத்தைப் போட்டுவிட்டார். ஸ்காட்லாந்தின் வணிகத்துக்குப் பல வருடக் கணக்கு கையில் இல்லாததால், ஒரு வருடத்து எண்களைப் பட்டைகளாக வரைந்தார். எது கண்ணுக்கு நல்லது என்பதை 1984-இல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரு அமெரிக்கர்கள் ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரே அளவுகோலில் புள்ளி எங்கே நிற்கிறது என்பதைத்தான் மனிதக் கண் சரியாகப் படிக்கிறது. கோணத்தைப் பார்த்து அளவு சொல்வதில் தடுமாறுகிறது. வட்டம் முழுக்கக் கோணம். பசியாறல் பெரிதா, எண்ணெய் பெரிதா என்று வட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பட்டையில், பெரியது மேலே சிறியது கீழே என்று அடுக்கினால், சின்னப் பிள்ளையும் சொல்லும். வட்டத்தை விட மனசில்லாமல் ஒருவன் அதை இன்னும் வைத்திருக்கிறான், இரண்டாம் பக்கத்தில்.

தமிழ் எழுத்தால் வந்த ஒரு தாமதத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக் பெண் முதலில் பைத்தானில் மேட்பிளாட்லிப் வைத்து வரைந்தாள். ‘கோயில்’ என்ற வகை வெறும் கட்டங்களாக வந்தது. அதனோடு வரும் எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவைச் சேர்த்ததும் எழுத்து வந்தது, ஆனால் கொம்பு இடம் மாறி. கணினியில் ‘க’ முதலில், கொம்பு பிறகு என்றுதான் சேமிக்கப்படுகிறது; அதை முன்னால் கொண்டுவந்து வைக்கும் வேலையை அவளிடம் இருந்த பதிப்பு செய்யவில்லை. உலாவி அந்த வேலையைச் சரியாகச் செய்துவிடுகிறது. வலைப்பக்கத்துக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர் என்பது இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. வகைகளைத் தமிழில் அடிக்க அவர்கள் போனில் இருந்ததோ அவர் தந்த செல்லினம்தான்.

பட்டை ‘எதற்கு’ என்பதைச் சொல்லும். ‘எப்போது’ என்பதைச் சொல்ல அதற்குத் தெரியாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு மாதம் ஒன்றாம் தேதி தொடங்குவதில்லை, சம்பள நாளில் தொடங்கும். அதனால் எங்கள் ஆப்பில் மாதத்தின் முதல் நாளை அவரவர் தேர்ந்துகொள்ளலாம். இதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் இபிஎஃப் 11 விழுக்காடு, 187 வெள்ளி. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சிறிது போக, கைக்கு வருவது சுமார் 1,500. முப்பது நாளுக்கு ஒரு நாளைக்கு ஐம்பது. 1,500-இலிருந்து பூஜ்யத்துக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். உண்மையில் மீதமிருப்பதை இன்னொரு கோடாக அதன்மேல் ஓட விடுங்கள். பத்தாம் நாள் நேர்கோடு 1,000-இல் இருக்கும்போது உங்கள் கோடு 640-இல் நின்றால், இன்னும் இருபது நாளுக்கு ஒரு நாளைக்கு 32 வெள்ளிதான். எந்த வகை என்று பார்ப்பதற்கு முன்னாலேயே விஷயம் விளங்கிவிடுகிறது. எனக்குக் கேட்டால் ஆப் முழுக்க இந்த ஒரு படம் போதும்.

கோடு சில வேளை நாம் எதிர்பாராததையும் காட்டும். 2025 செப்டம்பர் கடைசியில் ரோன்95 எண்ணெய் மானிய விலை லிட்டருக்கு 2.05-இலிருந்து 1.99 ஆனபோது ஊர் முழுக்க அதே பேச்சு. மோட்டாருக்கு ஐந்து லிட்டர் போட்டால் மிச்சம் 30 சென். அவர்கள் கோட்டில் அது தெரியவே இல்லை. பசியாறலை வாரத்தில் ஒரு நாள் வீட்டில் முடித்துக்கொண்டால் கோடு கண்ணுக்குத் தெரிந்து உயர்ந்தது.

வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவு இந்தக் கோட்டைக் குப்புறத் தள்ளிவிடும்: மோட்டார் ரோட்டெக்ஸ், இன்சூரன்ஸ், பள்ளி திறப்பு, தீபாவளி. இவற்றைப் பன்னிரண்டாக வகுத்து, மாதாமாதம் சம்பளத்தன்றே ஒரு வரியாக எடுத்து வைக்கும் ஏற்பாடு செய்தோம். மிச்சம் பிடித்துச் சேமிக்கலாம் என்று நினைப்பவர்கள் தோட்டத்துக் கதை ஒன்றைக் கேட்க வேண்டும். 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, வேலையும் வீடும் ஒன்றாகப் போகும் நிலை. எங்கள் சுங்கை சிப்புட்காரரான துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி என்று பங்குப் பணம் கட்டி, தோட்டங்களையே வாங்கினார்கள். 555-இல் மீதி நிற்காத மாதமே இல்லாத வீடுகள் அவை. மிஞ்சியதைக் கொடுப்பது என்று வைத்திருந்தால் ஒரு பத்து வெள்ளிகூடச் சேர்ந்திருக்காது. ஆகவே எங்கள் ஆப்பில் சேமிப்பு வகைப் பட்டியலின் முதல் வரி. அதை எழுதாமல் மாதம் தொடங்காது.

ஒன்று மட்டும் ஆப்பால் ஆகாது. கட்டாத கடனின் எண் சம்பளத்தைத் தாண்டிவிட்டால், எந்தக் கோடு போட்டும் பயனில்லை. அதற்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஈப்போவிலும் கிளை உண்டு. ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றித் தரவும் செய்கிறார்கள். எழுதிய கணக்கோடு போய் உட்கார்ந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

இப்போது நடக்கும் சண்டை ‘மற்றவை’ பற்றியது. வகை தெரியாத செலவுக்கு ஓர் இடம் வேண்டும்தான். ஆனால் சொல்ல விரும்பாத செலவெல்லாம் அங்கேதான் போய் ஒளிந்துகொள்ளும். சிகரெட், கேம் காசு, இன்னும் சில. மாதச் செலவில் பத்து விழுக்காட்டை மற்றவை தாண்டினால் அந்தப் பட்டை சிவப்பாக வேண்டும் என்று விதி போட்டோம். அந்த வரியை எழுதிய பையனே அடுத்த சனிக்கிழமை என்னிடம் வந்தான்.

‘ஆன்ட்டி, பத்தைப் பதினஞ்சாக்கிக்கட்டுமா?’

‘உன் ஆப்புதானேப்பா, ஆக்கிக்கோ. ஆனா பழைய எண்ணை அழிக்காதே. எந்தத் தேதியில மாத்தினே, எதுக்கு மாத்தினேன்னு கீழேயே ஒரு வரி எழுதி வை.’

எதற்கு என்ற இடத்தில் அவன் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. பத்து பத்தாகவே இருக்கிறது.